இலைக்காம்பில் வாய் வைத்த தேனீ

குமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே, செல்பேசியில் எடுத்த படத்தின் பிரதி ஒன்று. வெளிர்பச்சை ரப்பர் இலை. நீண்ட காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் பிரிகிற இடத்தில் ஒரு தேனீ தலையைக் கவிழ்த்துக் கிடக்கிறது. கொஞ்சம் கலங்கலான படம்தான், ஆனால் தேனீ என்பதில் சந்தேகமில்லை. "பக்கத்தில் பூவே கிடையாது. இது அங்கே என்ன செய்கிறது? இன்னும் கிட்டத்தில் போய்த் தெளிவாக எடுக்க என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் கேள்வியின் விடை தானாக வெளியே வந்துவிடும். பூச்சி விஷயத்தில் கிட்டத்தில் பார்ப்பதும் புரிந்துகொள்வதும் ஒரே வேலைதான். 1625-ஆம் ஆண்டு ரோமாபுரியில் பிரான்செஸ்கோ ஸ்டெல்லூட்டி, ஃபெடரிக்கோ செசி என்ற இருவர் தேனீயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து ஒரு பெரிய தாளில் படமாக அச்சிட்டார்கள். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று தேனீக்கள். நுண்ணோக்கி வழியே கண்டு வரைந்து அச்சேறிய படங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. நுண்ணோக்கி கிடைத்ததும் மனிதர் முதலில் பார்க்க விரும்பியவற்றில் தேனீ இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து, 1665-இல், ராபர்ட் ஹூக் தம் புகழ்பெற்ற நுண்ணோக்கி நூலில் தேனீயின் கொடுக்கைத் தனியே வரைந்து காட்டினார். அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்த வேலையை இன்று சட்டைப்பையில் கிடக்கும் கருவி செய்கிறது. செய்யவைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒளித்துளை, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக மேக்ரோ என்னும் மிகக் கிட்டத்துப் படமெடுப்புக்குப் போகிறேன். பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் பிம்பம் கேமராவின் சென்சார் மீது விழுந்தால் அது ஒன்றுக்கு ஒன்று. முழு அளவு சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். நம் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீ ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளம். ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் தேனீ படத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். கொடுக்கில்லாத சின்னக் கொசுத்தேனீ 4 மில்லிமீட்டர்கூட வராது. அதை அதே பருமனில் பார்க்க வேண்டுமானால் உருப்பெருக்கம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆக வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கிட்டப் போகப் போகத் தெளிவாக விழும் ஆழம் சுருங்கிக்கொண்டே வரும். முழு அளவு சென்சாரில், ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப் 11 வைத்தால் தெளிவு 1 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழத்துக்குத்தான் கிடைக்கும். இரு மடங்கு பெருக்கினால் அரை மில்லிமீட்டர். எங்கள் வீட்டுக் களத்தில் மரக்காலால் நெல் அளந்தது நினைவிருக்கிறது. குவித்துப் போட்டு, மேலே கையால் வழித்துத் தலைதட்டுவார்கள். கை போகிற மட்டத்தில் இருக்கும் நெல் மட்டும்தான் கையில் படும், அதற்குக் கீழே எத்தனை படி இருந்தாலும் கைக்குத் தெரியாது. மேக்ரோ லென்ஸ் அப்படி ஒரே மட்டத்தைத்தான் தொடுகிறது. தேனீயின் கண் தெளிவாக இருந்தால் இறக்கை கலங்கும், இறக்கையைப் பிடித்தால் கண் போய்விடும்.

ஒளித்துளையை எஃப் 22 வரைக்கும் சுருக்கிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆழம் கூடும். ஆனால் அவ்வளவு சின்னத் துளை வழியாக வரும் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். கண்ணின் மேலுள்ள மயிர் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு அது உதவாது. ஆமாம், தேனீயின் கூட்டுக்கண் மீது மயிர் உண்டு. வெறுங்கண்ணால் எத்தனை வருஷம் பார்த்தாலும் அது தெரியாது. மேக்ரோ படத்தில் முதல் தடவை அதைப் பார்க்கிறவர் படத்தில் ஏதோ தூசி விழுந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்.

இதற்கு எளிய வழி, பூச்சியின் உடல் கிடக்கும் வாக்குக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பிக்கொள்வது. தேனீயை முன்னாலிருந்து எடுத்தால் முகம் மட்டும் கிடைக்கும். சரியான பக்கவாட்டுக்கு வந்து, அதன் முதுகும் லென்ஸின் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்படி பார்த்துக்கொண்டால் தலை, மார்பு, வயிறு, பின்னங்கால் எல்லாம் அந்த ஒரே மட்டத்துக்குள் வந்துவிடும். ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காமல், அளவை நிலையாக வைத்துக்கொண்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துவது நல்லது. அசையாத பூச்சியாக இருந்தால் ஃபோகஸை நூலிழை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்கலாம். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பது இதுதான்.

அடுத்தது வெளிச்சம். ஒன்றுக்கு ஒன்று அளவில், கேமராவில் எஃப் 8 என்று இருந்தாலும் சென்சாருக்கு வரும் ஒளி எஃப் 16-க்கு உரியதுதான், அதாவது நாலில் ஒரு பங்கு. தேனீயோ நொடிக்கு 200 தடவைக்கு மேல் இறக்கையடிக்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடி வேகம் வைத்தாலும் அதற்குள் இறக்கை தன் வீச்சில் ஏறக்குறைய கால்வாசியைக் கடந்துவிடும். அதனால் ஃபிளாஷ் வேண்டும். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் மின்னும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு நொடி, அதற்கும் கீழே. அந்தச் சிறு மின்னல்தான் இறக்கையை நிறுத்தி வைக்கிறது. ஃபிளாஷை வெறுமனே அடித்தால் தேனீயின் வயிற்றுப் பட்டைகள் எண்ணெய் பூசியதுபோல் பளபளத்து, நிறமே தெரியாமல் போகும். வெள்ளைக் காகிதமோ பால் நிறப் பிளாஸ்டிக் தாளோ வளைத்து ஃபிளாஷுக்கு முன்னால் கட்டினால் ஒளி பரவி மென்மையாகும். கடையில் விலை கொடுத்து வாங்கும் டிஃப்யூசரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைத்தால் ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டலாம். கண்ணாடி இல்லாத வெறும் வளையமான எக்ஸ்டென்ஷன் டியூப் போதும், லென்ஸை முன்னே தள்ளி வைத்தாலே உருப்பெருக்கம் கிடைத்துவிடும். செல்பேசிக்காரர்களுக்குக் கவ்வி மாட்டும் சின்ன லென்ஸ் இருக்கிறது. செல்பேசியின் சென்சார் சிறியது என்பதால் தெளிவின் ஆழம் கூடுதலாகக் கிடைக்கும், இது அதற்கு ஒரு நல்ல சௌகரியம். கஷ்டம் என்னவென்றால் பூச்சிக்கு மிகவும் பக்கத்தில் போக வேண்டியிருக்கும்.

பக்கத்தில் போவது எப்படி? துரத்தக் கூடாது. தேனீயைத் துரத்தியவர் யாரும் படம் எடுத்ததில்லை. அது வரப்போகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே முன்கூட்டியே போய் உட்கார வேண்டும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேன்பெட்டி அருகில் என்றால் வாசலுக்கு நேரே, அது பறந்து போய்வரும் பாதையில் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள். கொட்டினால் உடம்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் பெட்டிப் பக்கமே போக வேண்டாம், தோட்டத்துப் பூச்சிகள் போதும்.

இப்போது அந்த ரப்பர் இலைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டம் தேன் என்று நாடெங்கும் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றிருக்கும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதே இல்லை. ரப்பர் இலையிலிருந்து வருகிறது. மார்கழி வாக்கில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். தை, மாசியில் புதுத்தளிர் செம்பு நிறத்தில் தொங்கிக்கொண்டு வரும். அது விறைத்து வெளிர்பச்சையாகும் பருவத்தில், காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைச் சுரக்கின்றன. பெரும்பாலும் மூன்று சுரப்பிகள், கூடக்குறைய இருப்பதும் உண்டு. இலை முற்றி அடர்பச்சையானதும் சுரப்பு நின்றுவிடும். இந்தச் சில வாரங்களுக்காகத்தான் பேச்சிப்பாறை, குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துத் தேனீ வளர்ப்போர் காத்திருக்கிறார்கள். மாவட்டத்தின் கிழக்கே நாஞ்சில் நாட்டு வயலும் தென்னையும் வாழையும், மேற்கே மேட்டு நிலத்து ரப்பரும் என்று நாம் பிரித்துப் பேசுவோம். தேன் கணக்கில் மேற்குக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது.

ஒருநாள் காலையில் இந்தச் சுரப்பியை லென்ஸ் வழியே பாருங்கள். உயர்ந்த மரத்தில் எட்டாது. புதிதாக நட்ட ஒட்டுக்கன்றுகள் உள்ள தோட்டத்தில் கண் மட்டத்துக்கே தளிர் கிடைக்கும். காம்பின் நுனியில் பச்சை நிறச் சின்ன மேடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் சற்றுக் குழிவு. குழிவில் கண்ணாடித் துளிபோல் நீர் நிற்கும். அதன்மேல் வானமும் எதிரே உள்ள மரமும் தெரியும். தேனீ வந்து இறங்கியதும் முதலில் உணர்கொம்புகளால் தொட்டுப் பார்க்கும். பிறகு தாடைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் நாக்கை நீட்டும். பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் மெல்லிய மயிரோடு ஒரு தூரிகையைப் போலிருக்கும் அந்த நாக்கு துளிக்குள் போய்ப்போய் வரும். ஒரு சுரப்பி முடிந்ததும் உடம்பைக்கூட நகர்த்தாமல் தலையை மட்டும் திருப்பி அடுத்ததற்குப் போகும்.

இப்படி எடுக்கும் படத்தில் கவனிக்க வேண்டியது தேனீயின் பின்னங்கால். பூவில் எடுத்த படத்தில் அங்கே மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மகரந்த உருண்டை ஒட்டியிருக்கும், நெஞ்சு மயிரெல்லாம் பொடி படிந்திருக்கும். ரப்பர் இலையில் எடுத்த படத்தில் பின்னங்காலின் கூடை வெறுமையாக, அதன் விளிம்பு மயிர் வரிசையோடு துடைத்து வைத்தது போலிருக்கும். இலைச் சுரப்பியில் மகரந்தம் ஏது? குஞ்சுகளுக்கு வேண்டிய மகரந்தத்தைத் தேனீக்கள் தொட்டாச்சிணுங்கியிலோ தென்னம்பாளையிலோ வேறெங்கோ போய்த்தான் கொண்டுவர வேண்டும். ரப்பர் தேனில் மகரந்தம் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். பெட்டியைச் சுற்றி வெறும் ரப்பர் மட்டும் நின்றால் தேன் நிறையும், கூட்டம் மெலியும். ஓரத்துச் செடிகொடிகளையும் களையையும் மருந்தடித்து மொட்டையாக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மரம் எதற்காக இலையில் தேன் வைக்கிறது? பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் செடிகள் உலகெங்கும் உண்டு. நம் வீட்டருகே ஆமணக்கின் இலைக்காம்பில் முடிச்சு முடிச்சாக இருப்பவையும் இத்தகைய சுரப்பிகளே. ஆமணக்கும் மரச்சீனியும் ரப்பரும் ஒரே குடும்பம். பெரும்பாலும் எறும்புகளை வரவழைப்பதற்கான ஏற்பாடு இது. தேனுக்காக இலையில் ஊர்ந்து திரியும் எறும்பு, தளிரைத் தின்ன வரும் புழுவையும் பிடித்துவிடும். ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876-இல் ஹென்ரி விக்கம் அதன் விதைகளை அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஆசியாவுக்கு வந்தது. அமேசானில் நம் தேனீயின் இனமே கிடையாது. எறும்புக்காக வைத்த விருந்தைக் கடல் கடந்து வந்த இடத்தில் நம்மூர்த் தேனீ கண்டுபிடித்து, ஒரு மாவட்டத்தின் தொழிலாகவே ஆக்கிவிட்டது. காத்திருந்தால் அதே சுரப்பியில் முசிறு எறும்பும் தேனீயும் எதிரெதிரே நிற்கும் படம் உங்களுக்குக் கிடைக்கலாம். முசிறு தாடையைத் திறந்து நின்றால் தேனீ பெரும்பாலும் வேறு இலைக்குப் போய்விடும்.

தேன் விஷயமாக ஒரு வார்த்தை. ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து வெள்ளைக் குருணையாகும். அதைச் சர்க்கரைப்பாகு கலந்தது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உறைவது அதன் இயல்பு, கலப்படத்துக்கு அடையாளம் அல்ல.

தேனீ வளர்ப்புத் தொழில் இங்கே வேரூன்றியது 1920-களில். அப்போது மார்த்தாண்டம் திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், ஏழை விவசாயிக்குக் கூடுதல் வருமானம் தரும் தொழில்களில் ஒன்றாக இதைக் கற்றுக்கொடுத்தார். அந்த அனுபவங்களை 1932-இல் நூலாகவும் எழுதினார். அதற்கு முன்பே திருச்சிப் பகுதியில் நியூட்டன் பாதிரியார் நம் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்திருந்தார். மரப்பொந்திலும் பானையிலும் இருந்த தேனீயை, அடையைப் பிழிந்து அழிக்காமல், சட்டம் சட்டமாக எடுத்துப் பார்க்க முடிந்தது அந்தப் பெட்டியால்தான்.

சட்டத்தை எடுத்துப் பார்ப்பவருக்கும் மேக்ரோ லென்ஸ் உதவும். தேனீயின் முட்டை ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை நூல். ராணி உயிரோடு இருக்கிறதா என்று அறிய அறைக்குள் அந்த முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயதான தேனீ வளர்ப்போருக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. செல்பேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் நிமிர்ந்து நிற்கும் முட்டை இன்று இட்டது, சாய்ந்து கிடப்பது நாளாகியது என்பதுகூடத் தெரிந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெட்டி பெட்டியாகத் தேனீக்களை வாரிக்கொண்டு போனது. அந்த நோயில் புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் கோத்த பைபோல உப்பி, தலையை மேலே தூக்கியபடி அறைக்குள் செத்துக் கிடக்கும். அறைகளை அவ்வப்போது படமெடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் ஒன்றிரண்டு புழு கெடும்போதே கண்டுபிடித்து அந்தப் பெட்டியைத் தனியே பிரித்துவிடலாம். இதை ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெட்டித் தேனீயோடு நின்றுவிடாதீர்கள். வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும் ஒரு தேனீ கத்திரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் வரும். பூவைக் கவ்விக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவிட்டு ரீங்காரத்தாலேயே மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அந்தியில் இதன் ஆண்கள் மெல்லிய காய்ந்த குச்சியைத் தாடையால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒடுக்கி, வரிசையாகத் தூங்கும். அசையாது என்பதால் மேக்ரோ பழகுகிறவருக்கு இதைவிட வாய்ப்பு கிடையாது. இதன் பெண் கூடு வைப்பது மண்ணில். மண்சுவரிலும் வெறும் தரையிலும் துளையிட்டுக் குஞ்சு வளர்க்கும். இப்போது நம் முற்றங்களைப் பாருங்கள். வாசல் தொடங்கி மதில் வரை இன்டர்லாக் கல் பாவிவிட்டோம். மழைத்தண்ணீர் இறங்க இடமில்லை என்று பேசுகிறோம், தேனீ இறங்கவும் இடமில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. கத்திரி காய்க்கவில்லை என்று மருந்துக் கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கைப்பிடி வெறும் மண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

படமெடுப்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்று அதைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விறைத்த பிறகு பூவில் ஒட்டவைத்து எடுக்கிறார்கள் சிலர். பனித்துளி மாதிரி தெரிய வேண்டுமென்று அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தேனீ ஆய்வகம் சாம் டுரோஜ் தலைமையில் உயிரற்ற தேனீக்களைக் கழுவி உலர்த்தி, அடுக்குப் படமாக எடுத்து, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. இனம் பிரித்தறிய அவை பெரும் துணை. அவை ஆய்வுக்காகச் சேகரித்தவை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நம்மவர் செய்வது அதுவல்ல. குளிரில் மரத்துப்போன பூச்சியின் கால் மடங்கும் விதமே வேறு, கொம்புகள் தொங்கிவிடும், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே தெரியும். அப்படி எடுத்த படம் பூச்சியைப் பற்றி ஒரு செய்தியும் சொல்லாது. போட்டிகளில் அவற்றுக்குப் பரிசு கொடுக்கவே கூடாது.

மாணவருக்கும், கேமரா வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் கடைசியாக ஒரு வேண்டுகோள். படம் நன்றாக வந்ததும் நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி, காலையா மாலையா என்று நாலு வரி எழுதி, இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஐநேச்சுரலிஸ்ட்டிலோ ஏற்றுங்கள். இனம் தெரியாவிட்டால் தெரிந்தவர்கள் அங்கே சொல்வார்கள். ரப்பர் தளிர் எந்த வாரம் வந்தது, தேனீ எந்த நாளில் முதலில் வந்தது என்பதை ஆண்டுதோறும் யாராவது பதிந்து வைத்தால், பருவம் தள்ளிப்போகிறதா என்ற கேள்விக்குத் தோட்டக்காரரும் தேனீ வளர்ப்பவரும் ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியிராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த தேதியும் இடமும் அழிந்துபோகும். மூலப் படத்தைத் தனியே சேமித்து வையுங்கள்.